காசு கட்டி மாடு மேய்த்தவன்

படிப்பு ஏறாதவனை மாடு மேய்க்கப் போகச் சொல்வார் எங்கள் கணக்கு வாத்தியார். என் பேரன் போன மாதம் காசு கட்டி மாடு மேய்த்துவிட்டு வந்தான்.

பொள்ளாச்சி சாலையிலிருந்து உள்ளே பிரிந்தால் ஒரு பண்ணை. காலையில் போனால் சாயங்காலம் வரை பிள்ளைகள் மாட்டுக்குப் புல் போடலாம், சாணி அள்ளலாம், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம். தலைக்கு எழுநூறு ரூபாய், மோர் உண்டு. சாணி அள்ளக் கையுறை தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு, படம் ஒட்டி, உயிரியல், கணிதம், சமூக அறிவியல் என்று மூன்று பாடங்களில் அதை வரவு வைத்தாள். கணிதம் எங்கே வந்தது என்று கேட்டேன். பால் அளந்தானாம். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பையன்கள் இதே வேலையை வருடம் முழுக்கச் செய்தார்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் ஏறவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இருந்ததையும் அடித்துவிட்டார்கள்.

பேரனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போவதில்லை. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். அந்த ஜூனில் பள்ளி திறக்கவில்லை, கட்டணம் வாங்கும் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. செல்போன் திரைக்குள் நாற்பது குழந்தைகள். பாதி நேரம் டீச்சர் 'மியூட் பண்ணுங்க' என்றார், மீதி நேரம் 'அன்மியூட் பண்ணுங்க' என்றார். கொஞ்ச நாள் பார்த்த மகள், "இதை நானே செய்வேனேப்பா" என்று ஐடி வேலையை விட்டாள். பள்ளிகள் திறந்தபோது மற்ற பிள்ளைகள் போனார்கள், இவன் போகவில்லை. கோவையில் இப்படித் தங்கிவிட்ட வீடுகள் இன்னும் சில உண்டு. சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பூங்காவில் கூடுகிறார்கள்.

எங்கள் காலத்தில் பள்ளிக்குப் போகாமலிருப்பது குற்றம். அதை விசாரிக்க வருபவர்கள் ஏழாம் வகுப்புத் தடியன்கள் நான்கு பேர். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். தெருவே திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும். என்னை ஒருமுறை அப்படித் தூக்கிக்கொண்டு போனபோது வழியில் அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். காப்பாற்றுவாள் என்று நம்பிக் கத்தினேன். "தலை தொங்குது பாருங்கடா, ஒழுங்காப் பிடிங்க" என்றாள்.

இப்போது குண்டுக்கட்டாகத் தூக்க ஆள் இல்லை. சட்டம்தான் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை என்று 2009இல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம். வீட்டிலேயே படிக்கிறவனை என்ன செய்வது என்று அதில் தெளிவாக ஒன்றுமில்லை. ஆகவே அதிகாரிகள் யாரும் இதுவரை கதவைத் தட்டவில்லை. அடுக்ககத்து வாட்ச்மேன் மட்டும் நாள் தவறாமல் கேட்கிறார்: "தம்பிக்கு இன்னைக்கும் லீவுங்களா?"

ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னோம். எண்பதைத் தாண்டியவள். கையெழுத்து மட்டும் போடக் கற்றவள், அதுவும் வங்கிக் கடனுக்காக. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "நான் பள்ளிக்கூடம் போவேன்னு அழுதேன், விடலை. இவன் போகமாட்டேன்னு அழுதான், விடலை. அந்தப் பிள்ளை எதுக்கு அழுதுச்சு?"

அவன் எதற்கும் அழவில்லை என்று மகள் சொன்னாள். அது அம்மாவுக்குத் திருப்தியான பதிலாகப் படவில்லை.

கோவையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்கள் எல்லோரும் ஜி.டி.நாயுடுவைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நல்ல சாட்சிதான். கலங்கல் கிராமத்தில் பிறந்து பள்ளியைச் சிறு வயதிலேயே விட்டவர், ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்றவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி அதை ஒரு பெரிய கம்பெனியாக்கியவர். பூங்காவில் கூடும் பெற்றோர் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஆரம்பித்தார். பின்னது இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியை வெறுத்த மனிதர் கல்லூரி கட்டியதைச் சொன்னால், "அவர் படிப்புக் காலத்தைக் குறைக்கச் சொன்னவர் சார்" என்கிறார்கள். அதுவும் நிஜம். சாட்சியை இரண்டு கட்சிக்காரர்களும் பயன்படுத்தலாம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வகம் என்று ஒரு அறை இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது. ஆக்சிஜன் தயாரிப்பதை நான் பலமுறை வரைந்திருக்கிறேன்: பொட்டாசியம் குளோரேட், மாங்கனீஸ் டை ஆக்சைடு, வளைந்த குழாய், வாயுச் சாடி, சாடிக்குள் ஏறும் குமிழிகள், எல்லாம் கூர் தீட்டிய பென்சிலால். நிஜக் குமிழி ஒன்றையும் பார்த்ததில்லை.

பார்த்ததெல்லாம் மாட்டுக்கொட்டகையில். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியில் கறுப்பாக இருப்பதைக் குத்தி எடுத்து, உள்ளே நிற்கும் கண்ணாடித் தண்டைப் பதமாக உடைத்துக் கொட்டி, கழுவித் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். கொட்டகையின் கதவைச் சாத்திக் கோணிப்பையால் இடுக்கை அடைத்து இருட்டாக்குவோம். வெளியே வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நின்று, கதவிலிருக்கும் ஓட்டை வழியாக ஒளியை உள்ளே அனுப்புவான். ஃபிலிம் துண்டு பெட்டிக்கடையில் கிடைக்கும். எம்ஜிஆர் துண்டுக்கு விலை அதிகம், பாட்டுக் காட்சியென்றால் இன்னும் கொஞ்சம் அதிகம். எதிரே அப்பாவின் வேட்டி திரை. ஃபிலிமை நேராகச் செருகினால் எம்ஜிஆர் தலைகீழாக நிற்பார், ஆகவே தலைகீழாகச் செருக வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சூரியன் நகர நகரக் கண்ணாடிக்காரனும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் அசந்தால் வேட்டி இருண்டுவிடும். உள்ளேயிருந்து வசவு பறக்கும். அந்த வேலைக்கு எப்போதும் கூட்டத்தில் இளையவனைத்தான் நிறுத்துவோம், அவன் ஒரு நாளும் படம் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பில் குவிலென்ஸ் வந்தது. பிம்பம் மெய்யானது, தலைகீழானது என்று மனப்பாடம் செய்து, கதிர்ப்படம் போட்டு, முழு மதிப்பெண் வாங்கினேன். கொட்டகையில் எம்ஜிஆர் தலைகீழாக நின்றதும் இந்த வரியும் ஒரே சங்கதி என்று வாத்தியாரும் சொல்லவில்லை, பாடப்புத்தகமும் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு, ஒரு மதியம் கோப்பு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே தோன்றியது.

பேரனுக்கு மாதாமாதம் ஒரு பெட்டி வருகிறது. அதில் அட்டை, லென்ஸ், ரப்பர் பேண்டு, சின்ன எல்இடி விளக்கு, ஆங்கிலத்தில் ஒரு கையேடு, அதைவிடப் பெரிய எச்சரிக்கைத் தாள். ப்ரொஜெக்டர் பெட்டி வந்தபோது, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவன் செய்து முடித்துவிட்டான். எல்லாத் துண்டும் துல்லியமாகப் பொருந்தின. தப்பு நேர வழியே இல்லாத பெட்டி. சுவரில் ஒரு டைனோசர் நேராகவே நின்றது, தலைகீழாகச் செருகும்படி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பல்பு ப்ரொஜெக்டர் செய்து காட்டுகிறேன் என்றேன். வீட்டில் இருப்பதெல்லாம் எல்இடி. அதை உடைத்து என்ன செய்ய? கடை கடையாக ஏறி இறங்கி, பூஜை சாமான் கடையில் ஒரு குண்டு பல்பு கிடைத்தது. பிறகுதான் உறைத்தது, அது ஃபியூஸ் போகவில்லை. எரிகிற பல்பை உடைப்பதற்குக் குமாஸ்தா மனம் இடம் தரவில்லை. மகள் இதற்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் எடுத்து வந்துவிட்டாள். ஒருவழியாக உடைத்துத் தண்ணீர் ஊற்றினோம். படுக்கையறையை இருட்டாக்கினோம். வெளியே கண்ணாடி பிடிக்க ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அடுக்ககத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில். பால்கனி வெயிலில் நின்று கண்ணாடியை நான்தான் பிடித்தேன். படம் நன்றாக வந்ததாக உள்ளேயிருந்து சொன்னார்கள்.

பூச்சிகளின் கதை வேறு. கோயில் திண்ணையோரப் புழுதியில் புனல் புனலாகக் குழி இருக்கும், அடியில் குழியானை. ஒரு எறும்பைப் பிடித்துக் குழிக்குள் போட்டால் கீழேயிருந்து மண்ணை வாரி அடித்து அதைச் சரியவைத்துப் பிடித்துவிடும். மணிக்கணக்காக எறும்பு சப்ளை செய்திருக்கிறோம். அது ஒரு இளம்புழு என்பதும், வளர்ந்தால் கிட்டத்தட்டத் தட்டான் உருவத்தில் சிறகு முளைத்துப் பறந்துபோகும் என்பதும் எனக்குத் தெரிந்தது அறுபது வயதில், பேரன் சொல்லி. நாங்கள் பார்த்தோம், கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை. இவனுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது, அடுக்ககத்தில் புழுதி இல்லை. சுவர் முதல் சுவர் வரை பேவர் பிளாக் பாவியிருக்கிறார்கள். குழியானை பார்க்க வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு மருதமலை அடிவாரம் வரை போகிறோம். மண்புழு கூரியரில் வருகிறது. தூண்டில் போடக் கிணற்றடிச் சேற்றில் தோண்டினால் கை நிறையக் கிடைத்த ஜந்து, ஓட்டை போட்ட டப்பாவில், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கப்படுகிறது. காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, வடியும் பாலில் புல் வளையத்தை நனைத்து ஊதினால் வானவில் நிறத்தோடு குமிழி பறக்கும். அதைக் காட்டப் போனேன். "அப்பா, அந்தப் பால் விஷம், கண்ணுல பட்டா எரியும்" என்று மகள் தடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். நாங்கள் தப்பித்ததற்குத் திறமை காரணமில்லை.

என் அம்மா எங்கள் அறிவியலுக்குச் செய்த ஒரே உதவி, எங்களைக் கவனிக்க நேரமில்லாமல் இருந்தது. என் மகள் செய்வது நேர்மாறு. சம்பளத்தை விட்டாள், காலை ஒன்பதிலிருந்து அவன் கூடவே இருக்கிறாள், அவன் ஓணானை உற்றுப் பார்த்தால் அவனை அவள் உற்றுப் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் "என்ன கவனிச்சே?" என்ற கேள்வி வருகிறது. பையன் பாதி நேரம் ஒன்றும் கவனிக்காமல் சும்மாதான் பார்த்திருப்பான். கேட்டதற்காக எதையாவது கவனித்துச் சொல்கிறான். இந்தப் படிப்பை மெச்சுகிறவர்கள் அது ஒரு பெண்ணின் முழுநேர வேலை என்பதைக் கட்டணத்தில் சேர்ப்பதில்லை.

அடுத்த பிளாக்கில் ஒரு புதுமனை புகுவிழா. ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவந்தது. இது நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேதியியல், பேரில்லாத செய்முறை வகுப்பு. பேரன் பக்கத்தில் போய், மஞ்சள் ஒரு நிறங்காட்டி, காரம் பட்டால் சிவக்கும் என்று சுற்றியிருந்த அம்மாக்களுக்கு விளக்கினான். அவர்களுக்கு ஒரே பெருமை. "கண்ணு எந்த ஸ்கூலுங்க?" என்று ஒருவர் கேட்டார். "நான் ஸ்கூலுக்குப் போறதில்லை ஆன்ட்டி." சபை அமைதியானது. "உடம்புக்கு ஏதாச்சும்…?" என்று இழுத்தார் இன்னொருவர். அந்த அமைதியைப் பயன்படுத்தி, நிலைப்படியில் வைக்க நறுக்கியிருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை எடுத்து அவன் தட்டில் பிழிந்துவிட்டான். ஆரத்தி திரும்ப மஞ்சளானது. அறிவியல்படி மிகச் சரி. வீட்டுக்காரம்மா முகம் போன போக்கைப் பார்த்து, நான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நோட்டில் அன்று 'அமிலம், காரம்' என்று பதிவாகியிருக்கிறது. மற்றதை மகள் எழுதவில்லை.

கிரகணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கர்நாடகம், ஆந்திரம் பக்கம் சூரியன் முழுதாக மறைந்தது, எங்களுக்கு அரைகுறை. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். மதியத்துக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அப்பத்தா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். நின்றது. மற்ற நாளிலும் நிற்குமா என்று நிறுத்திப் பார்க்கத் தைரியம் உள்ளவர் அந்த வீட்டில் இல்லை. எனக்கு வெளியே போக முடியவில்லையே என்று அழுகை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக் கூரை ஓடு. இடுக்குகளில் நுழையும் வெயில் தினமும் தரையில் சின்னச் சின்ன வட்டங்களாக விழும். அன்று அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் பிறையாகக் குறைந்துகொண்டே வந்தன. ஒரு பிறை இல்லை, தரை முழுக்கப் பிறை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. ஒவ்வொரு இடுக்கும் ஒரு ஊசித்துளைக் காமிரா, ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம். கிரகணத்தைப் பார்க்கக் கூடாதென்று பூட்டிவைத்த அறைக்குள் நூற்றுக்கணக்கான கிரகணங்கள்.

2019 டிசம்பர் 26 அன்று வந்தது வளையக் கிரகணம். கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல் வழியாகப் போன பாதை. அந்தப் பிறைகளைக் காட்டலாம் என்று பேரனை ஊருக்கு அழைத்துப் போனேன். ஓட்டு வீட்டை இடித்து என் தம்பி கான்கிரீட் போட்டிருந்தான். ஒரு பொட்டு வெயில் உள்ளே வர வழியில்லை. மகள் அட்டையில் ஊசியால் துளை போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள், தரத்துக்கு முத்திரை குத்திய சூரியக் கண்ணாடியும் வைத்திருந்தாள். வேப்பமரத்தடி நிழலில் இலை இடுக்கு தோறும் பிறைகள் விழுந்தன, அந்த மட்டும் நல்லது. ஐந்து வயசுப் பையன் அவற்றை மிதித்து மிதித்து விளையாடினான். அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். உலக்கை இல்லை, மிக்சி வந்து வருடங்களாகிவிட்டன.

இனி பரீட்சை. அதிலிருந்து தப்பிக்க முடியாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று ஒன்று 1989இலிருந்து இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் அதன் வழியே பத்தாம் வகுப்பு எழுதலாம். எந்தப் பாடங்கள், எத்தனை மதிப்பெண், எந்த மையம் என்று மகள் இப்போதே தாள் தாளாக எடுத்துவைத்திருக்கிறாள். வாரம் மூன்று நாள் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ட்யூஷன் போகிறான். அங்கே மற்றவர்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள். அவனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. இடைவேளை விடுவார்களாம்.

இந்த வாரப் பாடம் வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் இனங்களின் புழு, சின்னதாக இருக்கும்போது பறவை எச்சத்தின் தோற்றத்தில் இருக்கும், பிறகு பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு வாடையை விடும். அந்த வாடைக்காகவே நாங்கள் சீண்டுவோம். போன தடவை மூன்று கூட்டுப்புழுக்களைப் பாட்டிலில் வைத்துக் காத்திருந்தோம். இரண்டில் வண்ணத்துப்பூச்சி வந்தது. மூன்றாவதில் பொடிப் பொடியான குளவிகள் வந்தன. புழுவுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளரும் ஒட்டுண்ணிகள். பையனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மகள் கலங்கிப்போனாள். அவன் வண்ணத்துப்பூச்சிகளை மறந்துவிட்டுக் குளவிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அடுக்ககத்துச் செடிகளுக்கு அசோசியேஷன் மாதம் தவறாமல் மருந்தடிக்கிறது. புழுக்கள் பிழைப்பதில்லை. சிங்காநல்லூர் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலாவது மருந்தடிக்காத கறிவேப்பிலைச் செடி இருந்து, அதில் புழு தென்பட்டால், தயவுசெய்து தட்டிவிடாதீர்கள். சொல்லி அனுப்புங்கள், டப்பாவோடு வருகிறோம். சனிக்கிழமையென்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், அன்றைக்கே வருகிறோம்.